கூரை மேஸ்திரியின் காது

மணி பன்னிரண்டரை. துணிக் கிடங்கின் தகரக் கூரைமேல் ஆறு பேர் குந்தி உட்கார்ந்து சோலார் பேனல்களை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் தகரத்தில் படாமல் குந்த வேண்டும். பட்டால் பேன்ட்டைத் தாண்டிச் சுடும். ஸ்பேனரைக் கீழே வைத்து ஒரு நிமிஷம் கழித்து எடுத்தால் கையை உதற வேண்டியதுதான். அதனால் ஆளுக்கொரு ஈரத் துணியில் அதைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு வெயில், காலுக்குக் கீழே தகரம் திருப்பி அடிக்கும் வெயில், பொருத்தி முடித்த பேனல்களின் கண்ணாடியிலிருந்து பக்கவாட்டில் வரும் வெயில் என்று மூன்று பக்கமும் வெயில்.

நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தவர்தான் மேஸ்திரி. ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷமாகக் கூரை வேலை. முதலில் ஓடு மாற்றினார், பிறகு தகரம் போட்டார், கடைசி ஒன்பது வருஷம் சோலார். முன்னால் மேஸ்திரி, முதுகுக்குப் பின்னால் 'தகரம்'. சட்டென்று சூடேறுவார், சட்டென்று ஆறியும் விடுவார் என்பதால் வந்த பெயர். அரைக்கைச் சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டும்தான் அவர் வேஷம். வெயிலுக்குப் பயந்தவன் கூரை ஏறக் கூடாது என்பது அவர் கட்சி. ஒருமுறை ஒருவன் குடை கொண்டுவந்தான் என்பதற்காக, கல்யாண ஊர்வலத்துக்கு வந்தாயா என்று கேட்டு அவனை அரை நாள் பேசிப் பேசியே கொன்றிருக்கிறார்.

அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் வயர் இணைப்பு வேலை பார்ப்பவர். நாற்பத்து நான்கு வயது. எல்லோருக்கும் வயர் அக்கா. மணிக்கட்டுவரை சட்டை, கையுறை, ஹெல்மெட்டின் விளிம்பில் தானே தைத்துக்கொண்ட கெட்டித் துணி. அந்தத் துணி காதையும் பிடரியையும் மூடித் தோள்வரை தொங்கும். மேஸ்திரி அவரை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மகாராணி வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. வேலையில் அவர் கை சுத்தம் என்பது மேஸ்திரிக்கும் தெரியும்.

அன்று எல்லோரும் கீழே இறங்கிச் சாப்பிட்ட வேளையில் அக்கா மேஸ்திரியிடம் ஒரு விஷயம் கேட்டார். விடியும்போதே வேலையைத் தொடங்கினால் உச்சி வெயிலில் சில மணி நேரம் கீழே இறங்கிவிட்டு மாலையில் மறுபடி ஏறலாமே என்று. மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். மேஸ்திரி வழக்கம்போலக் கையை ஆட்டி மறுத்துவிட்டு டப்பாவை மூடினார். ஆனால் அக்கா போகவில்லை. அவர் பார்வை மேஸ்திரியின் இடது காதில் நின்றது.

"மேஸ்திரி, காது மடல்ல அந்தப் புண்ணு இன்னும் ஆறலையே."

"ஹெல்மெட் வாரு உரசுது. அதுக்கென்ன?"

"மில்லுக் கூரை போட்டப்பவே இருந்தது. அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல செஞ்சப்பவும் இருந்தது. ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

மேஸ்திரிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஐந்து ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ வயரைப் பார், என் காதைப் பார்க்காதே என்றார். அப்போதும் அக்கா நகரவில்லை. குரலை உயர்த்தாமல், ஒரு கதை சொல்வதுபோலச் சொன்னார். அவருடைய அண்ணன் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற வேலை பார்த்தவர். கூரையில்லாத துறை, எதிரே தண்ணீர், தலைக்கு மேல் வெயில். கீழ் உதட்டில் ஒரு சின்ன வெடிப்பு வந்தது. ஒன்றரை வருஷம் ஆறவில்லை. தங்கைக்கு அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, சொல்லத்தான் பயம். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தாடைவரை பரவியிருந்தது. அண்ணன் இப்போது இல்லை.

"அன்னைக்கு எங்கண்ணன் கோபக்காரன்னு வாயை மூடிட்டேன். இன்னைக்கு நீங்க கோபக்காரர்னு மூட மாட்டேன்" என்றார் அக்கா.

மேஸ்திரி எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். திரும்பி வந்தவர், நாளையிலிருந்து அக்கா கூரைமேல் வர வேண்டாம், கீழே நின்று வயர் வெட்டிக் கொடுத்தால் போதும் என்று உத்தரவு போட்டார். தண்டனை என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் கீழே என்பது கிடங்கின் நிழல், காற்றாடிக்கு நேர் கீழே. ஆட்களில் உயரமானவனான நெட்டை தலையைச் சொறிந்துகொண்டு, "மேஸ்திரி, நாங்க என்ன பேசினா எங்களையும் கீழ அனுப்புவீங்க?" என்று கேட்டான். மேஸ்திரி முறைத்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிடும் போலிருந்ததால் ஏணியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வீட்டிலும் அந்தக் காது புதுச் செய்தி இல்லை. அவர் மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவர். தலையணை உறையில் இடது பக்கம் மட்டும் காசளவுக்கு ரத்தக் கறை படிவதை மாதக்கணக்கில் துவைத்துத் துவைத்துச் சலித்திருந்தார். சொன்னால் மேஸ்திரி ஒரு களிம்பை எடுத்துத் தடவிக்கொள்வார், அதோடு பேச்சு முடிந்துவிடும். அன்று என்னவோ, அவரே மனைவியின் முன் வந்து காதைக் காட்டி, எப்படி இருக்கிறது பார் என்றார். மனைவி பார்த்தார். போன மாதம் இருந்ததைவிட விளிம்பு தடித்து, நடுவில் பொருக்கு கட்டியிருந்தது. வார் உரசுவதாகத்தான் மேஸ்திரி இன்னும் சாதித்தார். சரி, இரண்டு வாரம் வாரை வலது பக்கமாக மாற்றிக் கட்டிப் பாருங்கள் என்றார் மனைவி. மேஸ்திரி அப்படியே செய்தார். வார் படாத அந்த இரண்டு வாரமும் காது தன்பாட்டுக்குக் கசிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த இரண்டாவது வாரக் கடைசியில் கிடங்கு வேலை முடிந்தது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் முதலாளிக்குப் போட்டோ அனுப்ப வேண்டும். எடுப்பது எப்போதும் வயர் அக்காதான்; அதற்காக அன்று மட்டும் அவர் மேலே ஏறினார். மேஸ்திரி கேமராவைப் பார்க்கவே மாட்டார். பேனல்களை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்பார். அப்படி நின்றால்தான் கம்பீரம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அன்று சாயங்காலம் அவர் போனுக்கு அக்காவிடமிருந்து நான்கு படங்கள் வந்தன. பள்ளிக்கூடம், மில், பால் பண்ணை, துணிக் கிடங்கு. நான்கிலும் தேதி இருந்தது. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

மேஸ்திரியும் மனைவியும் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். முதல் படத்தில் காது விளிம்பில் கடுகு மாதிரி ஒரு சிவப்பு. இரண்டாவதில் மிளகு அளவு. மூன்றாவதில் வெளிறிய பொருக்கு. நான்காவதைப் பெரிதாக்கவே தேவையில்லை. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் எட்டு மாதம்.

மேஸ்திரி போனை மெஷின்மேல் கவிழ்த்து வைத்தார். "நாளைக்குப் போவோமா?" என்றார். முப்பது வருஷத்தில் அவர் தானாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

காதும் காதும் வைத்த மாதிரி போய்விட்டு வர வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. ஆட்களிடம் பல்வலி என்று சொல்லிவிட்டார். தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். காதைப் பார்ப்பதற்கு முன்னால் வேலையைப் பற்றிக் கேட்டார். எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், தலையில் என்ன போடுவீர்கள், கூரை தகரமா சிமென்ட்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு வெளிச்சத்தை இழுத்து, ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக் காதை வெகுநேரம் பார்த்தார். கழுத்திலும் தாடைக்கு அடியிலும் விரலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

மேஸ்திரி தன் கறுத்த முழங்கையை நீட்டிக் காட்டினார். "இந்தத் தோலுக்குமா டாக்டர் இதெல்லாம் வரும்? வெள்ளைக்காரங்களுக்குத்தான் வரும்பாங்களே."

"அவங்களுக்கு அதிகமா வரும். நமக்குக் குறைவா வரும். வரவே வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கலை ஐயா. நமக்கு வராதுன்னு நம்பிக்கிட்டே முத்தின பிறகு வர்றாங்க பாருங்க, அதுதான் எனக்குக் கவலை."

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கு உண்டு, புற ஊதாக் கதிர் என்பார்கள், சூட்டைப் போல அது உறைக்காது, ஆனால் வருஷக்கணக்கில் தோலுக்குள் சேதத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் என்று அவர் விளக்கினார். ஹெல்மெட் தலை உடையாமல் காக்கும்; காது, பிடரி, கீழ் உதடு மூன்றும் வெளியே நிற்கும். சோதனை முடிவு வரப் பத்து நாளாகும் என்றார்.

அந்தப் பத்து நாள்தான் மேஸ்திரிக்குப் பெரிய பாடு. அடுத்த கூரை வேலை தொடங்கியிருந்தது; அதற்குப் போனார், போகாமல் வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். காதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து நெட்டை, கடைவாய்ப் பல்லா முன் பல்லா என்று அக்கறையாக விசாரித்தான். மேஸ்திரி காதுப் பக்கம் கையைக் காட்டினார். ஓ, வீக்கம் காதுவரை ஏறிவிட்டதா என்று அவன் வருத்தப்பட்டான். முன்பெல்லாம் மேஸ்திரி பேனலைத் தாங்கும் ரெயில் கம்பி நேராக இருக்கிறதா, அதைப் பிடிக்கும் கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார். இப்போது குனிந்து வேலை செய்கிறவர்களின் பிடரிதான் கண்ணில் பட்டது. நெட்டையின் கழுத்து சுட்ட செங்கல் மாதிரி இருந்தது. இன்னொருவனுக்குக் கீழ் உதடு தோல் தோலாக உரிந்திருந்தது. இவர்களை இந்த வெயிலில் நிறுத்தி வைத்தது வானம் இல்லை, தான்தான் என்று அவருக்குத் தோன்றியது. வயர் அக்கா கீழே நிழலில் நின்று அளவாக வெட்டி அனுப்பும் வயர்ச் சுருள்கள் கயிற்றில் ஏறி வரும்போதெல்லாம் அவருக்குக் கீழே எட்டிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பத்தாம் நாள் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "புற்றுநோய்தான் ஐயா" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் மேஸ்திரிக்குக் கேட்கவில்லை. உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. மனைவிதான் கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள் டாக்டர் என்று கேட்டார். டாக்டரம்மா மறுபடி சொன்னார். தோலின் மேல்பாகத்தோடு நிற்கிறது. கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. காதை மரத்துப்போகச் செய்துவிட்டு அந்த இடத்தை ஓரத்தோடு வெட்டி எடுக்க வேண்டும். அன்றே வீட்டுக்குப் போகலாம். எடுத்ததை மறுபடி சோதித்து, ஓரங்களில் எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்தால் அதோடு சரி. பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும்.

அடுத்த வாரம் வெட்டி எடுத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் காகிதம் வந்தது. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தார். ஓரங்கள் சுத்தம். எதுவும் மிச்சமில்லை.

"இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா இந்தப் பேச்சை நாம இப்படி உட்கார்ந்து பேசியிருக்க முடியாது. யார் சொல்லி வந்தீங்க?"

"கூட வேலை செய்யற அம்மா ஒருத்தங்க" என்றார் மேஸ்திரி.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு மாதமாக மார்பில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. மனைவி கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தை மூடி அழுதார். மேஸ்திரி அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். தேற்ற வேண்டுமே என்று, காது மடலில் ஒரு கடி குறைந்தால் என்ன, கேட்கிறதுக்கு ஓட்டை இருக்கிறதே என்றார்.

"மடல் முழுசா இருந்தப்பவே நான் சொன்னது கேக்கலை. இனிமேலாவது கேக்குதான்னு பார்ப்போம்" என்றார் மனைவி. சொல்லிவிட்டு அழுகையோடு சிரித்தார். மேஸ்திரியும் சிரித்தார். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் இவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கட்டுடன் வேலைக்கு வந்தவரைப் பார்த்து நெட்டை திகைத்துப்போனான். பல்லைப் பிடுங்கப் போனவருக்குக் காதை அறுத்துவிட்டார்களா, எந்த ஆஸ்பத்திரி அது என்று கேட்டான். மேஸ்திரி எல்லோரையும் கீழே வரச் சொன்னார். நிழலில் உட்காரச் சொன்னார். அதற்கே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல்வலி பொய் என்று தொடங்கி நடந்தது அனைத்தையும் சொன்னார். புற்றுநோய் என்ற சொல்லை விழுங்காமல் சொன்னார். பிறகு வயர் அக்காவைப் பார்த்தார்.

"நீ சொன்னதுக்கு உன்னைக் கீழ அனுப்பினேன். தப்பு என்னுதும்மா. மகாராணின்னு கேலி பேசினதும் தப்பு. நீ வாயை மூடியிருந்தா நான் இல்லை."

அக்கா கையுறையின் புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல் இத்தனை வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது, இன்றைக்குத்தான் கொஞ்சம் இளகியிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, கட்டை நனைக்காமல் இருங்கள் என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

முதலாளியைச் சமாளிப்பதுதான் மிச்சமிருந்தது. கெட்ட மனிதர் இல்லை. மேஸ்திரியைவிடப் பதினைந்து வயது சின்னவர். எப்போதும் கெடு தேதி பயத்திலேயே வாழ்கிறவர். குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் வேலை தொடங்க இருந்தது. மேஸ்திரி அலுவலகத்துக்கு நேரே போய், ஆட்கள் இனி விடியற்காலையில் ஏறிப் பத்தரைக்கு இறங்குவார்கள், மறுபடி நான்கு மணிக்குத்தான் ஏறுவார்கள் என்றார். கூரையில் ஒரு நிழல் பந்தல் வேண்டும், முழுக்கைச் சட்டை வேண்டும், வெயில் களிம்பு வேண்டும் என்றும் கேட்டார். முதலாளி திடுக்கிட்டார். வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது, வேலை இழுத்துவிடுமே, நீங்களா மேஸ்திரி இப்படிக் கேட்கிறீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

மேஸ்திரி அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்தார். இந்தத் தடவை சூடேறவில்லை.

"வெயில்ல காயறதுக்குன்னே செஞ்ச பேனலுக்கு இருபத்தஞ்சு வருஷம் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கறீங்க சார். அதைத் தூக்கி மாட்டற ஆளுங்க தோலுக்கு யாரு எழுதிக் கொடுப்பா?"

முதலாளி பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அவர் கண் மேஸ்திரியின் காதுக் கட்டுக்குப் போய் மேஜைக்குத் திரும்பியது. இந்த ஒரு வேலைக்குச் செய்து பார்ப்போம் என்றார். செய்து பார்த்தார்கள். கெடு தேதிக்கு ஒரு நாள் பிந்திப்போனது உண்மைதான். ஆனால் கோணலாக முடுக்கிய கிளாம்ப்பைக் கழற்றி மறுபடி மாட்டும் வேலை இந்தத் தடவை வரவே இல்லை. அந்தக் கோணல்களெல்லாம் மத்தியான மயக்கத்தில் வந்தவை என்று அப்போதுதான் முதலாளிக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் நேரத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மேஸ்திரியின் மனைவி சீருடைத் துணியில் ஏழு ஹெல்மெட்டுக்கும் காது மூடும் தொங்கல் தைத்துக் கொடுத்தார். நெட்டைக்கு மட்டும் கழுத்து நீளம் என்று ஒரு சாண் கூடுதல்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஏறுவதற்கு முன்னால், ஒருவர் காதையும் பிடரியையும் உதட்டையும் இன்னொருவர் பார்ப்பது என்று பழக்கமானது. தன் முதுகு தனக்குத் தெரியாது, அதனால் கூட இருக்கிறவன் கண்தான் கண்ணாடி என்றார் வயர் அக்கா. இரண்டாவது மாதத்தில் நெட்டையின் தோளில் ஒரு கறுப்புப் புடைப்பைக் கண்டுபிடித்தார்கள். மேஸ்திரியே அவனை அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். வெறும் மரு, ஒன்றும் செய்யாது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும் வழியெல்லாம் நெட்டை அந்த மருவுக்குப் பேர் வைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

மூன்றாவது மாதம் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். இருபது வருஷம் கட்டட வேலை பார்த்தவர். நாற்பதைத் தாண்டியவர். திங்கட்கிழமைச் சோதனைக்கு அவர் மட்டும் வரவில்லை. என்னுடையது எருமைத் தோல், இதெல்லாம் எனக்கு எதற்கு, பொம்பளை மாதிரி முக்காடு போட்டுக்கொண்டா வேலை செய்வது என்று ஒதுங்கி உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்கள். மேஸ்திரி கோபப்படவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வெயில் நம்ம வேலையோட வந்தது, அதை மாத்த முடியாது. எவ்வளவு நேரம் அதுல நிக்கறோம், எதை மூடிக்கிட்டு நிக்கறோம், அதை மாத்தலாம். ஒரு மாசமா ஆறாத புண்ணு இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடலாம். இதுக்கெல்லாம் தைரியமே வேணாம்பா, வெக்கத்தை விட்டா போதும். அந்த வெக்கத்தை நான் எட்டு மாசம் விடாம வச்சிருந்தேன். உயிரைக் கேட்டிருக்க வேண்டியது, காதோட போச்சு."

புதியவர் எழுந்து, சட்டைக் காலரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பிடரியைக் காட்டித் திரும்பி நின்றார்.